உப்பு வந்த வழியால் ஒரு லீவுப் பயணம்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

ஓகஸ்ட் லீவில் பொத்துவில் போய் வந்த படங்களைப் போட்டதிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்வி: எந்த வழியால் போனீங்க, ரோட்டு எப்படி, சின்னப் பிள்ளைகளைக் கொண்டு போகலாமா? ரோட்டு நல்லம். பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ, லாஹுகல, பொத்துவில். பதுளையிலிருந்து சுமார் 130 கிலோமீற்றர். விடியற்காலையில் வெளிக்கிட்டால் பகல் சோற்றை அறுகம்பையில் தின்னலாம். இதோடு முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த ரோட்டில் போய் வந்ததிலிருந்து எங்கள் மனதில் ஒரு விஷயம் கிடந்து புரள்கிறது. அதைத்தான் எழுதப் போகிறோம்.

போனது ஐந்து குடும்பம். எல்லாம் வாத்தியார் வீடுகள்தான். மூன்று முஸ்லிம் குடும்பம், இரண்டு தோட்டத்துக் குடும்பம். பொத்துவிலிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கும் கூட்டாளிமார் ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களோடு ஒரே விடுதியில் கிடந்தவர்கள். "மலைநாட்டாரே, கடலைப் பார்க்க எப்ப வாறீங்க" என்று பத்து வருசமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊவாவுக்குக் கடல் இல்லை. நாட்டின் ஒன்பது மாகாணங்களில் கடற்கரை இல்லாதவை நான்கு. அதில் நம்முடையதும் ஒன்று. எங்கள் வயதுக்காரர் பலர் கிழக்குக் கடலைக் கண்ணால் கண்டது 2009க்குப் பிறகுதான். அதற்கு முன் அந்தப் பக்கம் என்றால் செக்பொயின்ட், சண்டை, மையித்துச் செய்தி. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நம்மூர்ப் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் விகாரைகளிலும் அரிசியும் உடுப்பும் சேர்த்து லொறியில் அனுப்பினோம். அப்போதுகூட லொறியோடு போனவர்கள் சிலர்தான். ஒரு தலைமுறை முழுக்க அந்த வழி நமக்கு மறந்துபோயிருந்தது. அதனால் கிழக்குக் கரையை ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த இடம்போல நினைத்துக்கொள்கிறோம். உண்மை என்னவென்றால், ரயில் வருவதற்கும் தேயிலை வருவதற்கும் கோப்பி வருவதற்கும் முன்னால், ஊவாவின் வாசல் அந்தப் பக்கமாகத்தான் திறந்திருந்தது.

வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: கடல் இல்லாத நாட்டில் அந்தக் காலத்தில் உப்பு எங்கிருந்து வந்தது? நெல் விளையும், குரக்கன் விளையும், தேனும் இறைச்சியும் காட்டில் கிடைக்கும். உப்பு விளையாது. கருவாடும் விளையாது. இரண்டும் கரையிலிருந்து மாட்டு முதுகில் ஏறி வந்தன.

அதற்குப் பெயர் தவலம். வண்டி ஓடக்கூடிய பாதை இல்லாத காலம். ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் இரண்டு பக்கம் தொங்கும்படி பொதி ஏற்றி, முன்மாட்டுக்கு மணி கட்டி, வரிசையாக ஒற்றையடிப் பாதையில் ஓட்டிக்கொண்டு வருவார்கள். மேலே வரும்போது உப்பு, கருவாடு, புடவை. கீழே போகும்போது பாக்கு, மிளகு, மெழுகு. இரவில் பொதியை இறக்கி அடுக்கி, மாடுகளைச் சுற்றிக் கட்டி, புலிக்குப் பயந்து நெருப்பு மூட்டிக் கிடப்பார்கள். நுவரெலியா ரோட்டில் தவலந்தென்ன என்று ஒரு இடம் இருக்கிறதே, பஸ்ஸில் தூங்கிக்கொண்டே எத்தனை தடவை தாண்டியிருப்போம்! தவலம் தங்கிய வெளி அது. நமக்குப் பக்கத்திலேயே லுணுகலை. சிங்களத்தில் லுணு என்றால் உப்பு.

இந்தத் தவலத்தை ஓட்டியவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். கண்டி ராஜாவின் ஆட்சியில் இதற்கென்று ஒரு தனிப் பிரிவே இருந்தது, மடிகே பத்த என்று. ராஜாவின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர்களின் ராஜகாரியம். மிச்ச நாளில் சொந்த வியாபாரம். மொனராகலை மாவட்டத்தில் பக்கினிகஹவெல போன்ற பழைய முஸ்லிம் கிராமங்கள் எப்படி அந்தக் காட்டு நாட்டுக்குள் வந்தன என்று கேட்பவர்கள், இந்த மாட்டு வழியை நினைத்துப் பார்த்தால் போதும். கடையும் டவுனும் வந்த பிறகு வந்த ஊர்கள் இல்லை அவை.

பொத்துவில் கூட்டாளியின் வாப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தோம். எண்பதைத் தாண்டியவர். அவருடைய மூத்தவாப்பா காலத்தில் ஊரில் யாராவது கொஞ்ச நாள் காணாமற் போனால் "மலைக்குப் போயிருக்கான்" என்பார்களாம். மலை என்றால் நம்ம ஊர். போகும்போது கருவாடு, வரும்போது பாக்கு. நாங்கள் லீவுக்குக் கடலுக்குப் போகிறோம் என்று சொல்வதுபோலத்தான் அவர்களும் மலைக்குப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். என்ன, அவர்களுக்கு அது லீவு இல்லை.

சரி, இனி வரலாறு.

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் வசமிருந்த கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்போது கண்டியில் செனரத் மன்னன். அவன் அவர்களை ஏற்றுக்கொண்டு, நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவைரோஸே எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன்பும் கிழக்கில் முஸ்லிம்கள் இருந்தார்கள். இது இன்னொரு வரவு. நமக்குச் சுவையான பகுதி இதற்கு அடுத்தது. அந்தக் காலத்துப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டினோ டி சா. முஸ்லிம்களை விரட்டிய அதே மனிதர், நாலு வருசம் கழித்து 1630இல் பெரும் படையோடு நம் ஊவாவுக்குள் ஏறி வந்து பதுளையை எரித்தார். திரும்பும் வழியில், வெல்லவாய பக்கம் ரந்தெனிவெல என்ற இடத்தில், அவருடைய படையிலிருந்த சிங்கள வீரர்கள் ராஜாவின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மழையில் வெடிமருந்தும் நனைந்துபோனது. டி சா அங்கேயே மாண்டார். வெல்லவாய சந்தியில் பஸ் மாறும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த நூற்றாண்டில் கிழக்குக் கரைதான் கண்டி ராஜ்ஜியத்தின் ஜன்னல். 1602இல் ஒல்லாந்தர் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்பில் இறங்கித்தான் ராஜாவைப் பார்க்க மலையேறினார். ஆனால் அதே ஒல்லாந்தர்தான் பின்னால் ஜன்னலை அடைத்தார்கள். 1766இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைத் தோற்கடித்துச் செய்த உடன்படிக்கையில், தீவைச் சுற்றியுள்ள கரை முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ராஜாவின் குடிகள் உப்பு அள்ளிக்கொள்ள அனுமதி என்று ஒரு வாசகம் அதில் உண்டு. நேற்றுவரை சொந்தமாக இருந்த உப்பை அள்ள அந்நியன் அனுமதி கொடுக்கிறான்! உப்பை வைத்திருப்பவன் மலையின் கழுத்தைப் பிடித்திருக்கிறான் என்பது கரையை ஆண்ட எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகவே உப்பு வழியை நிர்வகிப்பது சின்ன உத்தியோகம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு 1817க்கு வாருங்கள்.

எங்களில் ஒருவரின் வகுப்பில் ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி பாடம் நடக்கிறது. ஒரு பையன் எழும்பிக் கேட்கிறான்: "சேர், அந்த ஹாஜி நம்மட ஆளா?" பக்கத்தில் இருந்தவன் மெதுவாக, "வெள்ளக்காரனுக்கு வேல செஞ்ச ஆள்டா" என்கிறான். வகுப்பே சிரித்துவிட்டது. கேட்ட பையனின் முகம் சுருங்கியது. ஃபேஸ்புக்கில் எங்கோ வாசித்திருக்கிறான். 1818இல் முஸ்லிம்கள் காட்டிக்கொடுத்தார்கள் என்று இரண்டு வரியில். அந்த இரண்டு வரிக்கு நம்மிடம் இருக்கும் பதில் பெரும்பாலும் மௌனம். அல்லது "அதெல்லாம் பொய்" என்ற ஒரு சத்தம். இரண்டுமே அந்தப் பையனுக்கு உதவாது.

நடந்தது இது. 1815 மார்ச்சில் கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்து ராஜ்ஜியத்தைக் கொடுத்தார்கள். பிரதானிகளின் பதவியும் உரிமையும் அதிகாரமும் அப்படியே இருக்கும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பதுளைக்கு அரசாங்க அதிகாரியாக வந்தவர் சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன். வெல்லஸ்ஸவின் திசாவை மில்லவ. மடிகே அவருடைய அதிகாரத்தின் கீழ் இருந்தது. தவலத்தால் வரும் வருமானமும் மரியாதையும் அதோடு சேர்ந்தது. வில்சன் அந்த மடிகேயைப் பிரித்தெடுத்து, ஆங்கிலேயருக்கு விசுவாசமான ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமை வெல்லஸ்ஸ மடிகே முகாந்திரமாக நியமித்தார். கச்சேரிக் கணக்கில் இது ஒரு சின்ன நியமனம். திசாவையின் கண்ணில், கையெழுத்து காய்வதற்குள் ஒப்பந்தம் கிழிந்த சத்தம்.

அதே நேரத்தில் வெல்லஸ்ஸ காட்டுக்குள் ஒருவர் தோன்றினார். தான் நாயக்க ராஜவம்சத்துத் துரைசாமி என்றும், கதிர்காமத் தெய்வம் தன்னைத் தேர்ந்தது என்றும் சொன்னார். உண்மையில் அவர் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. அது பிறகுதான் வெளிவந்தது. மக்கள் அவரைச் சுற்றிச் சேர்ந்தார்கள். (சிங்கள மக்கள் எழும்பிய போரில் தேடப்பட்டது மதுரைப் பக்கத்து நாயக்க ரத்தம் உள்ள ஒரு ராஜா! இன்றைய இனக் கணக்குகளை அந்தக் காலத்துக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.) வில்சன் அவரைப் பிடித்துவர ஹாஜியை ஆட்களோடு அனுப்பினார். ஹாஜி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். செய்தி கேட்டு வில்சனே ஒரு சிறு படையோடு பதுளையிலிருந்து இறங்கினார். அந்தப் படையில் இருந்தவர்கள் மலாய், ஜாவா வீரர்கள், அவர்களும் முஸ்லிம்கள்தான். 1817 செப்டெம்பரில் வெல்லஸ்ஸ காட்டில் பாய்ந்த ஓர் அம்பில் வில்சன் செத்தார். அவருடைய மனைவி சோபியா அதே வருசம் சில மாதங்களுக்கு முன்புதான் பதுளையில் இறந்திருந்தார். அந்தக் கல்லறையை ஒரு அரச மரத்தின் வேர்கள் சுற்றி விழுங்கிய கதையைப் பதுளையின் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை கெப்பெட்டிபொல மறுபக்கம் சேர்ந்ததும், தனக்குத் தந்த துவக்குகளை ஆங்கிலேயருக்கே திருப்பி அனுப்பியதும், 1818 நவம்பர் 26இல் கண்டியில் தலை வெட்டப்பட்டதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாடப்புத்தகத்தில் கொஞ்சமாக வருவது நடுவில் உள்ளது. ஆங்கிலப் படை ஊவாவில் ஊர் ஊராக வீடுகளை எரித்தது. நெல்லை அழித்தது, கால்நடைகளைப் பறித்தது, பழமரங்களை வெட்டியது. மறுவருசம் இந்தப் பக்கம் வந்த ஜோன் டேவி என்ற படை மருத்துவர் தாம் கண்ட பாழை 1821இல் வந்த தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். வெல்லஸ்ஸ என்றால் இலட்சம் வயல் என்று பொருள் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இன்று சியம்பலாண்டுவ வரை வரண்ட மேடுகளையும் சோளச் சேனைகளையும் பார்த்துக்கொண்டு போனபோது, வேனுக்குள் கொஞ்ச நேரம் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். ஹாஜி நம்ம ஆள்தான். மறைக்க ஒன்றுமில்லை. அவரும் அவரைப் போன்ற பலரும் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள் என்பதும் உண்மை. 1818இல் ஆங்கிலேயர் கண்டிச் சீமை முஸ்லிம்களைச் சிங்களத் தலைவர்களின் கட்டளையிலிருந்து விடுவித்துத் தங்கள் அதிகாரிகளின் நேரடி ஆணையின் கீழ் வைத்தார்கள். அது விசுவாசத்துக்குக் கொடுத்த பரிசு. திசாவைக்குக் கப்பம் கட்டி, சம்பளமில்லாமல் பொதி சுமந்த ஒரு கூட்டம் தன் சொந்தத் தலைவன் கீழ் இருக்க ஆசைப்பட்டதில் அதிசயம் எதுவும் இல்லை. அதே நேரம், ஊரை எரிக்க வந்தவனோடு நின்றதை எரிந்த ஊர்க்காரன் மறக்காமல் இருந்ததிலும் அதிசயம் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கினால் அது வரலாறு இல்லை, வக்கீல் வேலை.

இன்னொன்று. இருநூறு வருசமாகத் தவலத்துக்காரனை உள்ளே விட்டது யார்? செனரத் மன்னன் இடம் கொடுத்தான். பிறகு வந்த ராஜாக்கள் பதவி கொடுத்தார்கள். வெல்லஸ்ஸ கிராமத்துச் சிங்களப் பெண் சுண்டில் உப்பை அளந்து வாங்கி, பதிலுக்குக் குரக்கனும் கொடுத்து, ஒரு வாய் தண்ணியும் கொடுத்தாள். அந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரு வெள்ளைக்காரனின் ஒற்றைக் கையெழுத்து இரண்டாகப் பிளந்தது. பிளந்த பிறகு யாருக்கு என்ன மிஞ்சியது? எரிந்த ஊரில் உப்பு வாங்க ஆள் இல்லை. வெட்டிய கமுக மரத்தில் பாக்கு இல்லை. தவலத்துக்காரனுக்கும் அந்த வருசம் பஞ்சம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

துரோகிகள் என்று 1818இல் அறிவிக்கப்பட்ட கெப்பெட்டிபொல முதலானவர்கள் 2016இல் தேசிய வீரர்களாக அறிவிக்கப்பட்டார்கள். நல்ல காரியம். அதைக் கொண்டாடும் நாளில் நம் பாடசாலைகளும் கொண்டாட வேண்டும். "அது அவங்கட விஷயம்" என்று ஒதுங்கி நிற்பதால்தான் மற்றவர்கள் நமக்காக இரண்டு வரியில் எழுதிவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு வழியே மாறிவிட்டது. கோப்பித் தோட்டங்கள் வந்தன. வண்டிப் பாதைகள் வந்தன. ஊவாவின் முகம் கிழக்கிலிருந்து கொழும்புக்குத் திரும்பியது. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் மடுல்சீமையில்தான், 1869இல். பிறகு தேயிலை. 1924இல் ரயில் பதுளை வந்ததும் உப்பு மூட்டை ரயிலேறி வந்தது; கழுத்து மணி மௌனமானது.

எங்களோடு வந்த தோட்டத்து நண்பர் அறுகம்பைக் கரையில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். "உங்க ஆளுங்களுக்குக் கடல் கிழக்கால. எங்க ஆளுங்களுக்குக் கடல்னா மன்னார்." உண்மைதான். அவருடைய முப்பாட்டன்மார் தமிழகத்திலிருந்து தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறியவர்கள். நடந்த வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. 1914இல் தலைமன்னார் கப்பலும் ரயிலும் வந்தன. அதே தலைமன்னார் வழியாகத்தான், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு, இங்கே பிறந்த ஆயிரமாயிரம் பேர் மூட்டை முடிச்சோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவருடைய பெரியப்பா குடும்பமும் அதில் போனது. அலை வந்து காலை நனைத்தபோது பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அடுத்த லீவுக்கு மன்னார் போவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அது தனிப் பதிவாக வரும், இன்ஷா அல்லாஹ்.

திரும்பும்போது வேண்டுமென்றே மற்ற வழியால் வந்தோம். அக்கரைப்பற்று, அம்பாறை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை. மகாஓயா வெந்நீர்க் கிணறுகளில் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் எடுத்துவிட்டார்கள். அக்கரைப்பற்றுக் கூட்டாளி சட்டித் தயிரும் கருவாடும் கட்டித் தந்திருந்தார். ஏசி போட்ட வேனில் அந்தக் கருவாட்டு வாசத்தோடு வந்தது தனிக்கதை. பிபிலையில் இறங்கித் தேத்தண்ணி குடித்தோம். கடைக்கார ஐயா எங்கிருந்து வாறீங்க என்று சிங்களத்தில் கேட்டார். பொத்துவிலிலிருந்து கருவாடு கொண்டு போகிறோம், பதுளைக்கு என்றோம். "தவலம வாகே" என்று சிரித்தார். தவலம் மாதிரி! அந்தச் சொல் அவர் வாயில் இன்னும் இருந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பக்கினிகஹவெல, மெதகம, பிபிலை, லுணுகலை, குருத்தலாவ, வெலிமடை பக்கம் யாருடைய வீட்டிலாவது தவலத்து மாட்டு மணி, பொதிச் சாக்கு, பழைய உப்பளக்கும் சுண்டு, மடிகே என்ற சொல் உள்ள காணி உறுதி எதுவும் இருந்தால் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிங்கள, தமிழ் நண்பர்கள் வீட்டில் இருந்தாலும் சரிதான். மூத்தவாப்பாமார், உம்மம்மாமார் இருந்தால் இந்த லீவிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, ஃபோனில் பதிந்து வையுங்கள். எங்கள் பாடசாலையில் மூன்றாம் தவணைக்கு உப்பு வழி என்று ஒரு சின்னக் கண்காட்சி வைக்கப் போகிறோம். முன்வரிசையில் நின்று பொருட்களை விளக்கப்போவது அந்தப் பையனும் அவனுக்குப் பக்கத்தில் இருந்து பதில் சொன்னவனும்தான். பொருளைத் தர விருப்பமில்லை என்றால் இன்பொக்ஸில் ஒரு வார்த்தை போடுங்கள். நாங்களே வந்து படம் எடுத்துக்கொள்கிறோம்.